சப்பாத்து, தகடு, உரக் கணக்கு: ஜாப்ரிசோவின் போர்க்கால மர்ம நாவலை வன்னியில் வாசிப்பவர்களுக்கு

போர்முனைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடும் மர்மக் கதைகள் நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரு பக்கத்தில் வலுவாக நின்று மறுபக்கத்தில் சறுக்கிவிடும். காவலரணும் எறிகணையும் சரியாக இருக்கும். வீட்டில் காத்திருப்பவள் யன்னலோரம் நின்று அழுவதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டாள். இல்லாவிட்டால் வீடு உயிரோடு இருக்கும். முன்னரங்கு சினிமாக் காட்சியாக இருக்கும். பிரெஞ்சு எழுத்தாளர் செபஸ்தியான் ஜாப்ரிசோ 1991 இல் வெளியிட்டு, அதே ஆண்டில் இந்தராலியே பரிசு பெற்ற நாவல் இரண்டு பக்கமும் தவறவில்லை. ஆங்கிலத்தில் 'எ வெரி லோங் என்கேஜ்மென்ட்' என்று கிடைக்கிறது. இதில் துப்பாக்கியோடு திரியும் துப்பறிவாளர் இல்லை. உண்மையைத் தேடும் வேலை தாளிலும் சாமானிலும் சாட்சியிலும் நடக்கிறது. இந்த மூன்றையும் எடைபோடத் தெரிந்தவர்கள் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அதனால்தான் இந்த நாவலை வன்னி வாசகருக்கு அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

கதையின் முடிச்சை மட்டும் சொல்கிறேன், அவிழ்ப்பைச் சொல்லவில்லை. முதல் உலகப் போர், 1917 ஜனவரி, வடக்குப் பிரான்சின் சொம் பகுதி. தங்கள் கையைத் தாங்களே காயப்படுத்திப் போரில் இருந்து தப்பப் பார்த்தார்கள் என்ற குற்றத்துக்காக ஐந்து பிரெஞ்சுப் படையினருக்கு மரணதண்டனை விதிக்கப்படுகிறது. அவர்களைச் சுட்டுக்கொல்லவில்லை. கையைக் கட்டி, இரண்டு முன்னரங்குகளுக்கும் நடுவில் உள்ள சூனியப் பிரதேசத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள். கடைசி ஆள் 20 வயது நிரம்பாத கடற்றொழிலாளியின் மகன், மனெக். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட மத்தில்த் தென்மேற்குக் கரையில் காப் பிரெத்தோன் என்ற ஊரில் இருக்கிறாள். சின்ன வயதில் விழுந்ததில் இருந்து நடக்கமுடியாதவள். 1919 ஓகஸ்ட்டில், சாகக் கிடக்கும் ஒரு சார்ஜன்ட் அவளைக் கூப்பிட்டு, அந்த ஐவரையும் முன்னரங்குக்குக் கொண்டுபோய் ஒப்படைத்தது தானே என்று சொல்கிறார். அங்கிருந்து அவள் தேடத் தொடங்குகிறாள்.

முதலில் முன்னரங்கைப் பார்ப்போம், ஏனென்றால் வன்னி வாசகர் முதலில் சோதிப்பது அதைத்தான். சொம் பகுதியின் நிலம் மேலே வண்டல், கீழே சுண்ணாம்புக் கல். அந்தச் சுண்ணாம்புக்குள் ஜேர்மன் படையினர் 9 மீற்றர் ஆழம் வரைகூட அறைகள் வெட்டி வைத்திருந்தார்கள். முன்னேறிப் பிடிக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு இருந்த பிரெஞ்சு, பிரித்தானியப் படைகளின் குழிகள் அவ்வளவு ஆழமாகவோ உறுதியாகவோ இருக்கவில்லை. அகழி நேர்கோட்டில் ஓடாது. சில மீற்றருக்கு ஒரு முறை மடியும். ஒரு மடிப்புக்குள் எறிகணை விழுந்தால் அதன் சிதறலும் அதிர்வும் அடுத்த மடிப்புக்குப் போகக்கூடாது. எதிரி ஒரு முனையைப் பிடித்தாலும் முழு நீளத்துக்கும் சுடமுடியாது. எங்கள் சனம் வளவுக்குள் 'எல்' வடிவத்தில் பங்கர் வெட்டியதும் இதே கணக்கில்தான். வாசல் பக்கம் செல் விழுந்தால் மடிப்புக்கு உள்ளே இருப்பவர் தப்பலாம். ஜாப்ரிசோ இதை எங்கும் பாடமாக எடுப்பதில்லை. ஆட்களை நடக்கவிடுகிறார், மடிப்புக்கு மடிப்பு திரும்பும்போது யார் யாரைக் கண்டார், யாருக்கு யாருடைய சத்தம் மட்டும் கேட்டது என்பது தானாகவே அமைகிறது. பிறகு சாட்சிகள் ஏன் முரண்படுகிறார்கள் என்பதற்கு இந்த மடிப்புகளே பாதிக் காரணம்.

அடுத்தது நிலமும் காலநிலையும். 1916 - 17 குளிர்காலம் அந்தப் போரின் மிகக் கடுமையான குளிர்காலங்களில் ஒன்று. நிலம் உறைந்தால் மண்வெட்டி இறங்காது, புதிய குழி வெட்டமுடியாது. எறிகணை சேற்றில் விழுந்தால் உள்ளே புதைந்து வெடிக்கும், பாதிச் சிதறலை மண்ணே வாங்கிக்கொள்ளும். உறைந்த தரையில் அது மேலோடு வெடித்துச் சிதறல் தூரமாகப் பறக்கும். கோடையில் காய்ந்து இறுகிய செம்மண்ணில் விழுந்த செல்லுக்கும் மாரியில் வயலுக்குள் விழுந்த செல்லுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பனி பெய்திருந்தால் இன்னொன்று: இரவிலும் வெளிச்சம் இருக்கும், ஆள் அசைந்தால் கறுப்பாகத் தெரியும், நடந்த தடம் காலைவரை கிடக்கும். ஐந்து பேரைக் கட்டி அப்படிப்பட்ட வெளியில் விட்டால் இரண்டு பக்கத் துவக்குக்கும் அவர்கள் இலக்கு. ஐவரின் கதியும் இப்படியான வெளியில்தான் முடிவாகிறது. பனியை அழகுக்காகக் கொண்டுவராமல், யார் எதைப் பார்த்திருக்கமுடியும் என்ற கணக்குக்காகக் கொண்டுவருகிறார். மர்ம நாவல் எழுத நினைக்கும் எங்கள் இளையவர்கள் முதல் அத்தியாயத்தையாவது பென்சிலோடு வாசிக்கவேண்டும். முள்ளிவாய்க்கால் மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறிச் சுவர் சரியும், அதனால் சனம் சேலையைக் கிழித்துப் பை தைத்து மண் நிரப்பி மேலே உயர்த்திக் கட்டியது. அங்கே ஒரு கதை நடந்தால் ஒளிந்திருப்பவர் தரைக்குக் கீழே முழுதாக இருக்கமாட்டார், அவரைப் பார்க்கக்கூடிய கோணம் வேறு. நிலம் மாறினால் சாட்சியும் மாறும்.

முன்னரங்கு கைமாறும் நேரத்தைக் கதை தேர்ந்தெடுத்திருப்பது மிகக் கெட்டிக்காரத்தனம். அந்தக் குளிர்காலத்தில் பிரித்தானியப் படை தெற்கே நீண்டு, பிரெஞ்சுப் படையிடம் இருந்து சொம் பகுதியின் ஒரு துண்டைப் பொறுப்பேற்றது வரலாறு. நாவலிலும் பிரெஞ்சு அணி விலக, நியூபவுண்ட்லாந்துப் படையினர் வருகிறார்கள். ஓர் அணி போகும்போது அதன் பதிவேடு அதனோடு போய்விடும். அது விட்டுப்போன உடல்களை அடக்கம் செய்பவர் வேறு மொழி பேசுபவர். இறந்தவரின் முகத்தை ஒருநாளும் கண்டிராதவர். அவர் எழுதும் குறிப்பு வேறு கோப்புக்குள் போகும். இரண்டு கோப்புகளும் ஒன்றாகச் சேரவே சேராது. போரில் ஆட்கள் தொலைவதற்குச் சதி தேவையில்லை, இந்த இடைவெளி போதும். மத்தில்த் தேடுவதும் அந்த இடைவெளியைத்தான்.

சாமான்களுக்கு வருவோம். ஐவரையும் ஜாப்ரிசோ அறிமுகப்படுத்தும் விதமே ஒரு பட்டியல்: அடையாளத் தகட்டில் உள்ள இலக்கம், எந்த மாவட்ட அலுவலகத்தில் பதியப்பட்டவன், உடம்பில் என்ன இருக்கிறது. முதல் ஆளின் காலில் இருப்பது ஜேர்மன்காரனிடம் இருந்து எடுத்த சப்பாத்து. இது சும்மா அலங்காரம் என்று தாண்டிப்போகாதீர்கள். பிரெஞ்சுப் படையினர் கணுக்கால் சப்பாத்துப் போட்டு, முழங்கால்வரை துணிப்பட்டி சுற்றினார்கள். அந்தப் பட்டி நனைந்தால் இறுகும். இரத்த ஓட்டம் குறையும். நாட்கணக்கில் தண்ணீருக்குள் நின்றால் கால் வீங்கி, மரத்து, அழுகத் தொடங்கும். ஜேர்மன் சப்பாத்து பாதிக் காலுக்கு மேல் வரும் முழுத் தோல். அதனால் செத்தவனின் காலில் இருந்து கழற்றுவது அங்கே சாதாரணம். ஒருவன் போட்டிருந்தது இன்னொருவனின் காலுக்குப் போகும். அப்படியானால் ஓர் உடலை எதைக் கொண்டு அடையாளம் சொல்வது? நாவல் இந்தக் கேள்வியை 300 பக்கத்துக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு போகிறது.

தகடு பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் படையில் போர் தொடங்கும்போது ஆளுக்கு ஒரு தகடுதான். அதை எடுத்துக்கொண்டு போனால் உடலுக்குப் பெயர் இல்லை. எடுக்காமல் விட்டால் அலுவலகத்துக்குச் செய்தி இல்லை. 1915 இல் இரண்டாவது தகடு சேர்த்தது இதனால்தான். வன்னியில் இதை விளக்கத் தேவையில்லை. 2023 யூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டு, பின்னர் நடந்த அகழ்வுகளில் குறைந்தது 52 பேரின் எச்சங்களோடு சீருடைத் துண்டுகளும் இலக்கத் தகடுகளும் எடுக்கப்பட்டன. இலக்கம் இருந்தாலும் அந்த இலக்கம் யாருடையது என்று சொல்லும் பதிவேடு இல்லாவிட்டால் அது வெறும் எண். மத்தில்துக்குப் பதிவேடு கிடைக்கிறது, ஆனால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அவளுடைய சிக்கல்.

கடிதங்களில்தான் இந்த நாவலின் உயிர் இருக்கிறது. தண்டனை பெற்றவர்கள் கடைசியாக வீட்டுக்கு எழுதியதைச் சார்ஜன்ட் பிரதி எடுத்து வைத்திருக்கிறார். அவற்றில் தோர்தோஞ் பகுதி விவசாயி ஒருவன் மனைவிக்கு எழுதியது மிகச் சின்னது. கொஞ்ச நாளைக்குக் கடிதம் வராது, உரம் விற்பவரிடம் மார்ச் தொடக்கத்தில் கணக்கை முடிக்கச் சொல்லு, அவர் விலை கூடச் சொல்கிறார் என்ற மாதிரி. சாகப்போகிறவன் உரக் கணக்கா எழுதுவான்? இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்து யோசியுங்கள். பின்னணி தெரிந்தால் இன்னும் சுவைக்கும்: படையினரின் கடிதங்களுக்கு முத்திரை தேவையில்லை, இடத்தின் பெயர் எழுதத் தடை, அதற்குப் பதில் அஞ்சல் பிரிவு இலக்கம் மட்டும். தணிக்கைக் குழுக்கள் பைகளில் இருந்து ஒரு பகுதியை எடுத்துப் படித்தன, எல்லாவற்றையும் படிக்க ஆட்கள் இல்லை. அதனால் கணவன் மனைவியர் முன்கூட்டியே பேசிவைத்துச் சாதாரண வார்த்தைக்குள் வேறு செய்தி வைத்தார்கள். செஞ்சிலுவைக் கடிதத்தில் குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம் என்ற விதிக்குள், 'மாமா வீட்டுக்குப் போயிட்டார்', 'மாடு கன்று போட்டிட்டுது' என்று எழுதி விளங்கிக்கொண்ட சனத்துக்கு இந்தக் கடிதம் உடனே உறைக்கும். ஜாப்ரிசோ விடையை அவசரப்பட்டுத் தருவதில்லை. கடிதத்தின் முழு வாசகத்தையும் முதலிலேயே வாசகர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். நேர்மையான மர்ம எழுத்து இது. துப்பை ஒளிக்கவில்லை, கண்முன்னே வைத்துவிட்டு நாங்கள் தாண்டிப்போக விடுகிறார்.

வீட்டுப் பக்கம். மத்தில்த் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்கிறாள்: அந்த நாளில் அந்த இடத்தில் இருந்தவர்கள் எழுதுங்கள் என்று. வந்த பதில்களை ஒரு மரப்பெட்டிக்குள் வரிசையாக அடுக்குகிறாள். நாவலின் பாதி இந்தப் பதில்கள்தான். சாட்சிகளை அவள் தரம்பிரிக்கும் விதத்தைக் கவனியுங்கள். தன் கண்ணால் கண்டவர் ஒரு வகை, உடலை மட்டும் கண்டவர் இன்னொரு வகை, கண்டவர் சொல்லக் கேட்டவர் மூன்றாம் வகை. சார்ஜன்ட் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் மூன்றாம் வகைதான், ஐவரையும் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியவர், முடிவைக் காணாதவர். முன்னரங்கிலேயே நின்ற படையினன் செலெஸ்தின் பூ முதல் வகை, ஆனால் அவரும் ஒரு கட்டத்தோடு அங்கிருந்து போய்விட்டவர். ஒருவர் பொய் சொல்லாமலேயே தவறாகச் சொல்லலாம் என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய மர்மக் கதை அரிது. வட்டுவாகலில் பஸ்ஸில் ஏறக் கண்டோம், முகாமில் பெயர் கூப்பிட்டதாகக் கேட்டோம் என்று ஆளுக்கொன்று சொல்ல, ஒவ்வொன்றையும் திகதி போட்டு எழுதி வைத்திருக்கும் தாய்மார் இதை வாசித்தால் அவளுடைய முறையை உடனே இனங்காண்பார்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர்கள் வைத்திருந்த கோப்புகளும் இதே ஒழுங்கில் கட்டப்பட்டவைதான்.

அவளுடைய சக்கர நாற்காலியை நாவல் மறக்கவில்லை. படி இருக்கும் வீட்டுக்குள் யார் தூக்குவது, காருக்குள் எப்படி ஏற்றுவது, தனியாகப் பேசவேண்டிய ஒருவரோடு எப்படித் தனியாக இருப்பது என்பதெல்லாம் விசாரணையின் பகுதியாகவே வருகின்றன. எழுத்தில் ஓரிடத்திலும் அனுதாபம் கேட்பதில்லை. செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு நாற்காலியில் வாழும் பலர் உள்ள மண்ணில் இது சின்ன விடயம் இல்லை.

இனி வாசிப்பதற்கான வழி, ஏனென்றால் பாதியில் விடுபவர்கள் எல்லோரும் பெயர்களில்தான் மாட்டுகிறார்கள். ஐவருக்கும் பதிவுப் பெயரும் இருக்கிறது, பட்டப்பெயரும் இருக்கிறது. சாட்சிகள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் இப்படி எழுதி வையுங்கள். கிளெபேர் பூக்கே தச்சன், 'எஸ்கிமோ'. பிரான்சிஸ் கேஞ்யார் ஒட்டுவேலைக்காரன், தொழிற்சங்கக்காரன், 'ஆறு சதம்'. பெனுவா நோத்ர் டாம் விவசாயி, 'அந்த மனிதன்'. ஆஞ்ஜ் பசிஞ்ஞானோ மார்சேயில் இருந்து வந்த சண்டியன், 'பொதுக் குற்றவாளி'. ழான் எச்செவெரி, அவன்தான் மனெக். அடுத்த பக்கத்தை நான்காகப் பிரித்து சனி இரவு, ஞாயிறு பகல், ஞாயிறு இரவு, திங்கள் காலை என்று தலைப்பிடுங்கள். கதையின் சனி 1917 ஜனவரி 6. ஒவ்வொரு சாட்சி சொல்வதையும் அந்தக் கட்டத்துக்குள் ஒரு வரியில் போட்டு, பக்கத்தில் கண்டது, கேட்டது என்று குறியுங்கள். பாதிப் புத்தகம் தாண்டும்போது ஒரு கட்டத்தில் இரண்டு வரிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பதைக் காண்பீர்கள். அங்கேதான் விடை.

இன்னொரு திகதியும் உதவும். பிரெஞ்சுப் படை 1914 செப்டெம்பரில் ஏற்படுத்திய சிறப்புப் போர்மன்றங்கள் தீர்ப்புச் சொல்லி உடனே சுட்டன. அப்படிச் சுட்ட வழக்குகளில் சில பிறகு பிழையென்று ஒப்புக்கொள்ளப்பட்டன. வென்கிரே என்ற இடத்தில் 1914 டிசெம்பர் 4 இல் சுடப்பட்ட ஆறு பேரின் பெயர் 1921 இல் மீட்கப்பட்டது. அந்த மன்றங்கள் 1916 ஏப்ரலில் ஒழிக்கப்பட்டன. அதன்பிறகு மரணதண்டனைக் கோப்புகள் பொதுவாகப் பரிஸ் வரை போய்த் திரும்பவேண்டும். கதை நடப்பது 1917 ஜனவரியில். இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

குறைகள் இருக்கின்றன. மத்தில்தின் தகப்பன் பெரிய பணக்காரர். வக்கீலும் தனியார் துப்பறிவாளரும் காரும் வேண்டியபோது கிடைக்கின்றன. தேடலின் மிகக் கடினமான பகுதி, அதாவது பஸ் காசுக்கும் பத்திரப் பிரதிக்கும் அலைவது, இந்த நாவலில் இல்லை. தச்சனின், ஒட்டுவேலைக்காரனின் வீட்டுப் பெண்கள் வரும் பக்கங்களில் அது எட்டிப்பார்க்கிறது. ஜாப்ரிசோ அங்கே இன்னும் நின்றிருக்கவேண்டும். மார்சேய்ச் சண்டியனின் காதலி, பழிவாங்கப் புறப்படும் தீனா லொம்பார்தியின் கதை தனி நாவலுக்கு உரிய கனம் கொண்டது, இங்கே ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறது. பின்பகுதியில் ஒன்றிரண்டு தற்செயல்கள் வசதியாக வந்து விழுகின்றன. இவ்வளவு கவனமாகக் கட்டிய கதைக்கு அவை தேவையே இல்லை.

எறிகணைச் சத்தம் இன்னும் உடம்பில் இருப்பவர்கள் முதல் அத்தியாயத்தை விட்டு இரண்டாவதில் தொடங்கலாம். நடந்ததன் பெரும்பகுதியைச் சார்ஜன்ட் அங்கே தன் வாயால் சொல்கிறார், கதை விளங்கும். முடித்தபிறகு முதலாவதுக்குத் திரும்பினால் போதும். அப்போது அந்தச் சப்பாத்தும் தகடும் வேறுமாதிரித் தெரியும்.

ஆங்கில மொழிபெயர்ப்பு லிண்டா கவர்டேல் செய்தது, 1993 இல் வந்தது. வாக்கியங்கள் நீளம், ஆனால் சொற்கள் கடினமில்லை. உயர்தரத்தில் ஆங்கிலம் படித்தவர் அகராதியை இடைக்கிடை பார்த்து வாசித்துவிடலாம். பிரான்சில் உறவினர் இருந்தால் பிரெஞ்சு மூலத்தைக் கேட்டு, அங்கே பிறந்த பிள்ளையோடு சேர்ந்து வாசிப்பது இன்னும் நல்லது. விவசாயியின் கடிதத்துக்குள் இருப்பது மூலத்தில்தான் முழுதாகப் பிடிபடும். 2004 இல் ழான் பியேர் ழூனே இயக்கிய திரைப்படம் இருக்கிறது. அகழிக் காட்சிகள் சேறும் குளிருமாக நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் மத்தில்தைச் சக்கர நாற்காலியில் இருந்து எழுப்பி நொண்டி நடப்பவளாக்கி, வீட்டைப் பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரெத்தாஞ் பகுதிக்கு மாற்றி, பெற்றோரை இல்லாமல் செய்துவிட்டார்கள். கடிதங்களும் சுருங்கிவிட்டன. படத்தை முதலில் பார்த்தால் கொப்பியில் கட்டம் போட ஒன்றும் மிஞ்சாது. புத்தகத்தை முடித்துவிட்டுப் பாருங்கள்.